59 வருஷம், ஒரே வீடு: ஜான் டிங்கெல் பற்றி ஒரு கேள்வி

கேள்வி, ஜனவரி 9
அமெரிக்கக் காங்கிரஸில் ஜான் டிங்கெல் என்பவர் 59 வருஷம் உறுப்பினராக இருந்தார் என்று படித்தேன். அவருக்கு முன்னால் அதே இடத்தில் அவர் அப்பா. அவருக்குப் பின்னால் அவர் மனைவி. 1933-இல் ஆரம்பித்து இன்றுவரை ஒரே வீடு, ஒரே தொகுதி. இதற்குப் பெயர் வாரிசு அரசியல்தானே? அங்கே யாரும் கேட்பதே இல்லையா? மிச்சிகனில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு
கேட்கிறார்கள். 2014-இல் அவர் மனைவி டெபி டிங்கெல் நிற்கிறார் என்று செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இரண்டு நாள் இதே பேச்சுதான். நான் இப்சிலாண்டி பக்கம் குடியிருக்கிறேன். 2012-இல் குடியுரிமை கிடைத்தது. அந்த நவம்பரில் கறுப்புப் பேனாவால் சின்ன முட்டை வடிவக் கட்டத்தை நிரப்பி நான் போட்ட முதல் ஓட்டு டிங்கெலுக்குத்தான். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை அதற்கேற்ப எடைபோட்டுப் படியுங்கள்.

அப்பா ஜான் டிங்கெல் சீனியர், போலந்து வம்சாவளி. இளம் வயதில் காசநோய் வந்து, மலைக்காற்றுக்காகக் கொலராடோவுக்குப் போனவர். மகன் 1926 ஜூலை 8-ஆம் தேதி பிறந்ததும் அங்கேதான், கொலராடோ ஸ்பிரிங்ஸில். பிறகு டெட்ராய்ட் திரும்பி, 1932 தேர்தலில் ஜெயித்தார். 1955 செப்டம்பரில், பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். டிசம்பர் 13-ஆம் தேதி இடைத்தேர்தலில் மகன் ஜெயித்தார், வயது 29. ஐசனோவர் முதல் ஒபாமா வரை 11 ஜனாதிபதிகளோடு வேலை பார்த்து, 60 வருஷம் கழித்து இறங்கினார்.

ஜனவரி 10
60 என்று எழுதியது தவறு. 59 வருஷமும் 21 நாளும். 2015 ஜனவரி 3-ஆம் தேதி முடிந்தது. அதற்கு முன் நீண்ட காலம் இருந்தவர் என்ற பெயர் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்டுக்கு இருந்தது, 2013 ஜூன் 7-ஆம் தேதி டிங்கெல் அதைத் தாண்டினார்.

"ஒரே தொகுதி" என்பதும் சரியில்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்ததும் இங்கே தொகுதி எல்லைகளை மாற்றி வரைகிறார்கள். அவர் தொகுதியின் எண் 15, 16, மறுபடி 15, கடைசியில் 12 என்று மாறிக்கொண்டே வந்தது. ஆள் அதேதான், கீழே இருந்த மண் மாறியது.

ஜனவரி 12
வாரிசு என்ற சொல்லை வைத்து நேற்று முழுக்க யோசித்தேன். அப்பாவிடமிருந்து அவருக்கு என்ன வந்தது? பெயர் வந்தது. டெட்ராய்ட் போலிஷ் மக்களிடம் அந்தப் பெயருக்கு ஓட்டு இருந்தது, அதை மறைக்க முடியாது. அப்புறம் சின்ன வயதிலேயே அந்தக் கட்டிடத்துக்குள் நுழையும் வாய்ப்பு வந்தது. 1938 முதல் 1943 வரை பிரதிநிதிகள் சபையில் எடுபிடிப் பையனாக வேலை செய்தார். உறுப்பினர்களுக்குக் கடிதம் கொண்டுபோவது, காகிதம் எடுத்துக் கொடுப்பது, அந்த மாதிரி வேலை.

1941 டிசம்பர் 8. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள். ரூஸ்வெல்ட் வந்து பேசுகிறார். டிங்கெலுக்கு அப்போது 15 வயது. ஃபுல்டன் லூயிஸ் என்ற ரேடியோ செய்தியாளர் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். ஜனாதிபதி பேசி முடித்ததும் கருவியை நிறுத்தச் சொல்ல வேண்டியது இந்தப் பையனின் வேலை. அவன் நிறுத்தச் சொல்லவில்லை, ஓடவிட்டான். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்த விவாதம் ஒலிப்பதிவாக இன்றும் இருக்கிறது. உறுப்பினர் ஜெனட் ரேங்கின் எழுந்து எழுந்து பேச அனுமதி கேட்பதும், சபாநாயகர் அவரைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதில் கேட்கிறது. கடைசியில் ஜப்பான்மேல் போர் அறிவிக்கும் தீர்மானம் நிறைவேறியது, 388-க்கு 1. அந்த ஒற்றை ஓட்டு ரேங்கின் போட்டது.

15 வயதில் சொன்னபடி செய்யாமல் விட்ட அந்தக் காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

18 வயதில் ராணுவம். ஜப்பான்மேல் படையெடுக்கப் போகும் முதல் வரிசையில் அவர் பெயர் இருந்தது, போர் அதற்குள் முடிந்துவிட்டது. பிறகு ஜார்ஜ்டவுனில் வேதியியல், அங்கேயே சட்டம், அதன்பின் எங்கள் வேய்ன் மாவட்டத்தில் அரசு உதவி வக்கீல் வேலை.

ஜனவரி 13
முக்கியமான சொத்தை விட்டுவிட்டேன். அப்பா அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு தோற்ற மசோதா.

1943-இல் செனட்டர்கள் வாக்னர், மர்ரே இருவரோடு சேர்ந்து சீனியர் டிங்கெல் ஒரு மசோதா கொண்டுவந்தார். நாட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, அரசே நடத்தும். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. நிறைவேறவில்லை. மகன் உள்ளே போனதும், ஒவ்வொரு காங்கிரஸ் தொடங்கும்போதும் தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவைத் திரும்பத் திரும்பத் தாக்கல் செய்தார். 1957, 1959, 1961 என்று போய்க்கொண்டே இருந்தது. நிறைவேறாது என்று அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

ஜனவரி 14
ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார், ஒரே மசோதாவை ஏன் மறுபடி மறுபடி போட வேண்டும் என்று. காங்கிரஸின் ஆயுள் இரண்டு வருஷம். அதற்குள் நிறைவேறாத மசோதா எல்லாம் செத்துப்போகும். அடுத்த காங்கிரஸில் புது எண் வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த மாதிரி 25 தடவைக்கு மேல் செய்ய ஒரு ஆள் அத்தனை காலம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 19
இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2009 ஜனவரியில் எனக்கு வேலை போனது. கார்களுக்கு சைலன்சர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தேன். காலை எட்டரைக்கு ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள், ஒன்பது மணிக்கு அட்டைப்பெட்டியோடு காரில் இருந்தேன். இங்கே வேலை போனால் மருத்துவ இன்சூரன்ஸும் சேர்ந்து போகும். பழைய இன்சூரன்ஸை முழுப் பணமும் நாமே கட்டித் தொடரலாம், கோப்ரா என்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு மாதம் 1,100 டாலர் வந்தது. வேலையில்லா உதவித்தொகையில் பெரும்பகுதி அதற்கே. மகளுக்கு ஆஸ்துமா, விட முடியாது. தனியாகப் பாலிசி எடுக்கலாம் என்று ஒரு கம்பெனிக்கு எழுதினோம். ஒரு பக்கக் கடிதம் வந்தது, ஏற்கெனவே இருக்கும் நோய் என்பதால் பாலிசி தர இயலாது. அவளுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் கடிதத்தை என் மனைவி ஃபிரிட்ஜ் மேல் ஒரு காந்தம் வைத்து ஒட்டினாள், வாரக்கணக்கில் அங்கேயே இருந்தது.

பிப்ரவரியில் கோப்ரா கட்டணத்தில் 65 சதவீதம் அரசு கொடுக்கும் என்று சட்டம் வந்தது. அன்றைக்குத்தான் ராத்திரி தூங்கினேன்.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி பக்கத்து ஊர் ராமுலஸில், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா பற்றி டிங்கெலின் பொதுக்கூட்டம். போனேன். எனக்கு அப்போது ஓட்டு இல்லை, பச்சை அட்டைதான். கூட்டம் நிரம்பி வழிந்தது. அவரைப் பேசவே விடவில்லை. 83 வயது மனிதர், கைத்தடியோடு நின்றுகொண்டு, ஒரு வாக்கியம் ஆரம்பிப்பார், இரைச்சல் மூடிவிடும், நிறுத்துவார், மறுபடி அதே வாக்கியத்தை ஆரம்பிப்பார். தன் பிள்ளைக்குக் கிடைக்கும் சிகிச்சையை இந்தச் சட்டம் பறித்துவிடும் என்று ஒரு தகப்பன் கத்தினார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த கடிதத்துக்கும் அவர் குரலுக்கும் அடியில் இருந்தது ஒரே பயம்தான்.

ஜனவரி 20
நேற்றைய குறிப்பை அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாது. ஒரு சுத்தியல் கதை பாக்கி.

1965-இல் முதியவர்களுக்கான மெடிகேர் மசோதா சபையில் நிறைவேறியபோது தலைமை நாற்காலியில் இருந்தவர் டிங்கெல். அப்பா கேட்டதில் கால்வாசிதான் அது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அன்று மேசையில் தட்டிய மரச்சுத்தியலைப் பத்திரமாக வைத்திருந்தார். 45 வருஷம் கழித்து, 2010 மார்ச் 21, ஒபாமாவின் காப்பீட்டு மசோதா ஓட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைச் சபாநாயகர் நான்சி பெலோசியிடம் கொடுத்தார். கத்திக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே சக உறுப்பினர் ஜான் லூயிஸோடு கைகோத்துக்கொண்டு பெலோசி நடந்து வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள், கையில் பெரிய சுத்தியல் இருக்கும். ஓட்டு 219-க்கு 212.

அதை டிவியில் பார்த்தபோது என் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு பதினொன்றுக்கு அருகில். குழந்தைகளுக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி மறுக்கக் கூடாது என்ற விதி அந்த செப்டம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. கடிதத்தை மனைவி எடுத்து மடித்து, அவள் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கவரில் வைத்தாள்.

பிப்ரவரி 2
"நல்லவராகவே எழுதுகிறீர்கள், மறுபக்கம்?" என்று ஒருவர். வருகிறேன். அதற்கு முன் 1964-ஐச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வி வாரிசு பற்றியது.

அந்த வருஷம் எல்லை மாற்றி வரைந்ததில் டிங்கெலும் ஜான் லெசின்ஸ்கி ஜூனியர் என்பவரும் ஒரே தொகுதியில் மாட்டிக்கொண்டார்கள். இருவரும் ஜனநாயகக் கட்சி, இருவரும் போலிஷ், இருவருமே காங்கிரஸ் உறுப்பினரின் மகன்கள். கட்சி வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் பிரைமரியில் நேருக்கு நேர். வித்தியாசம் ஒன்றுதான். கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கொடுக்கும் குடிமை உரிமைச் சட்டத்துக்கு டிங்கெல் ஆதரவாக ஓட்டுப் போட்டார், லெசின்ஸ்கி எதிர்த்துப் போட்டார்.

தொகுதியில் டியர்பார்ன் இருந்தது. அன்றைய டியர்பார்ன் எப்படிப்பட்ட ஊர் என்று இப்போது அங்கே அரபுக் கடைகளில் ரொட்டி வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியாது. ஆர்வில் ஹப்பார்ட் என்பவர் 1942 முதல் 1978 வரை மேயர். கறுப்பினத்தவரை ஊருக்குள் குடியேற விடாததை வெளிப்படையாகவே பெருமையாகச் சொன்னவர். அந்த ஊரில் அந்த ஓட்டைப் போட்டுவிட்டு ஜெயிக்க வேண்டும். டிங்கெல் ஜெயித்தார். தன் வாழ்க்கையிலேயே முக்கியமான ஓட்டு அதுதான் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

இரண்டு வாரிசுகள் நின்ற தேர்தல் அது. அப்பா பெயர் அன்றைக்கு இருவருக்குமே உதவவில்லை.

பிப்ரவரி 8
மறுபக்கம். இதை எழுதத்தான் எனக்கு நாளானது.

நான் செய்த வேலை கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதன் உள்ளே இருக்கும் பீங்கான் கட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தேன்கூடு மாதிரி இருக்கும், ஒரு சதுர அங்குலத்தில் 400 சதுர ஓட்டைகள். அந்தப்பக்கம் ஜன்னல் தெரியும். சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சின் புகை அதன் வழியே போகும்போது விஷம் பெரும்பாலும் அடங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த இஞ்சினியர் அதை என் கையில் கொடுத்து, "இது சட்டத்தால் உண்டான பொருள், சட்டம் இல்லையென்றால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்" என்றார்.

அந்தச் சட்டத்தை இறுக்கவிடாமல் ஒன்பது வருஷம் பிடித்து வைத்தவர் ஜான் டிங்கெல்.

1981-இல் எரிசக்தி வணிகக் கமிட்டியின் தலைவரானார். காற்று மாசுச் சட்டம் அந்தக் கமிட்டி வழியாகத்தான் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் ஹென்ரி வாக்ஸ்மன் அதே கமிட்டியில், அதே கட்சியில் இருந்துகொண்டு, கார்ப் புகைக்குக் கடுமையான வரம்பு வேண்டும் என்று போராடினார். லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவருக்கு அந்தப் புகை கண்ணெரிச்சல். டெட்ராய்ட்டில் இருப்பவருக்கு அது சம்பளம். 1980-கள் முழுக்க இழுபறி. 1989-இல்தான் இருவரும் புகை வரம்பில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள், 1990 நவம்பரில் சட்டம் ஆனது. அந்தச் சட்டத்தின் வரம்புகளுக்காகச் செய்த பாகங்கள்தான் எனக்குச் சோறு போட்டன.

இடையில் போன வருஷங்களில் எத்தனை குழந்தைகள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள்? என் மகளின் இன்ஹேலரைக் குலுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அவள் பிறந்தது பிறகுதான், அவளுக்கு வந்ததற்கு இதைக் காரணம் சொல்லவில்லை. ஆனாலும் நினைவுக்கு வரும்.

பிப்ரவரி 9
ஒரு மசோதாவை ஒரே ஆள் எப்படி ஒன்பது வருஷம் நிறுத்த முடியும் என்று கேட்டிருக்கிறார்கள்.

சபையில் வரும் மசோதாக்களில் மிகச் சிலதான் ஓட்டுக்குப் போகும். மீதி எல்லாம் கமிட்டியிலேயே முடிந்துவிடும். எதை எப்போது விசாரணைக்கு எடுப்பது, எதை எடுக்காமலே விடுவது என்பது தலைவர் கையில். அந்தத் தலைவர் பதவி பெரும்பாலும் அதிகக் காலம் இருப்பவருக்குப் போகும். அதனால்தான் 59 வருஷம் என்பதற்கு இவ்வளவு எடை. புதிதாக வரும் ஒருவர் டிங்கெல் மாதிரி பேசலாம், ஓட்டும் போடலாம், ஆனால் கதவைத் திறக்கவோ பூட்டவோ முடியாது.

கமிட்டியின் எல்லை எது என்று கேட்பவர்களுக்கு அவர் பூமியின் படத்தைக் காட்டுவாராம், விண்வெளியிலிருந்து எடுத்த படம். மின்சாரம், எண்ணெய், மருந்து, உணவுப் பாதுகாப்பு, டெலிபோன், மருத்துவமனை, கார் எல்லாம் அதில் அடக்கம்.

பிப்ரவரி 16
அந்த அதிகாரத்தை அவர் எங்கே நன்றாகப் பயன்படுத்தினார் என்றால், விசாரணைகளில். அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்தால் வாஷிங்டனில் பெரிய அதிகாரிகளுக்கே கை நடுங்கும். டிங்கெல்கிராம் என்றே அதற்குப் பெயர். 1980-களின் நடுவில் ஜெனரல் டைனமிக்ஸ் என்ற ஆயுதக் கம்பெனி தன் அதிகாரி ஒருவரின் நாயைக் காப்பகத்தில் விட்ட செலவைக்கூட ராணுவக் கணக்கில் எழுதியிருந்ததை வெளியே கொண்டுவந்தார். அசல் மருந்தின் காப்புரிமை முடிந்த பின் அதே மருந்தைச் செய்து விற்கும் கம்பெனிகள் சில, அனுமதி வாங்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததும் அவர் கமிட்டி தோண்டியதில் வந்ததுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மானியத்தின் மேல்செலவில் ஒரு உல்லாசப் படகின் தேய்மானத்தைச் சேர்த்திருந்தது 1991-இல் தெரியவந்து, அதன் தலைவர் பதவி விலகினார்.

பிப்ரவரி 17
நேற்று எழுதியதை இன்று காலை படித்தபோது ஒரு பெயரைத் தவிர்த்திருக்கிறேன் என்று உறைத்தது. தெரேசா இமானிஷி-காரி. எம்.ஐ.டி.யில் இருந்த உயிரியல் விஞ்ஞானி. நோபல் பெற்ற டேவிட் பால்ட்டிமோரோடு 1986-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தரவுகள் பொய் என்று புகார் எழுந்தது. டிங்கெல் கமிட்டி அதை எடுத்துக்கொண்டு, இமானிஷி-காரியின் ஆய்வகக் குறிப்பேடுகளைக் கள்ளநோட்டு பிடிக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்களிடம் கொடுத்து மையையும் காகிதத்தையும் சோதிக்கவைத்தது. பத்து வருஷம் அந்தப் பெண் குற்றவாளியைப் போல நின்றார். 1996-இல் மேல்முறையீட்டுக் குழு அவர்மேல் குற்றமே இல்லை என்று தீர்த்தது. இடையில் பால்ட்டிமோர் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத் தலைவர் பதவியை விட்டுப் போனார்.

ஆய்வகக் குறிப்பேடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் டெஸ்ட் அறையிலும் அப்படித்தான், எண்ணை அவசரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து, மாலையில் நோட்டில் ஏற்றுவோம். தேதி பிசகும். மை மாறும். அதை ஒரு அரசாங்கம் குற்றச் சாட்சியாகப் பார்த்தால் நானும் மாட்டுவேன். நாய்ச் செலவைக் கண்டுபிடித்த அதே கைதான் இதையும் செய்தது, நேற்று நான் ஒன்றை மட்டும் எழுதியது சரியில்லை.

பிப்ரவரி 23
துப்பாக்கி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்தார். பெரிய வேட்டைக்காரர். 1994-இல் ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குத் தடையும் அடங்கிய குற்றத்தடுப்பு மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார், பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

2002-இல் மறுபடி எல்லை மாற்றி, ஆன் ஆர்பரின் உறுப்பினர் லின் ரிவர்ஸோடு அவரை ஒரே தொகுதியில் போட்டார்கள். நாங்கள் அப்போது ஆன் ஆர்பரில் வாடகைக்கு இருந்தோம், தெரு முழுக்கப் புல்வெளிகளில் ரிவர்ஸ் பெயர்ப் பலகைகள். வாரிசு, துப்பாக்கிக்காரர், கார் கம்பெனிக்காரர் என்று அவர்கள் சொன்னது எல்லாம் உண்மை. ஆனாலும் டிங்கெல்தான் ஜெயித்தார், தெற்கே ஆற்றோர ஊர்களில் இருந்த ஆலைத் தொழிலாளர்களின் ஓட்டில்.

மார்ச் 2
2008 நவம்பர் மூன்றாம் வாரம். 18, 19 தேதிகளில் மூன்று கார் கம்பெனித் தலைவர்களும் வாஷிங்டனில் காங்கிரஸ் முன்னால் உட்கார்ந்து கடன் கேட்டார்கள். தனி விமானத்தில் வந்திறங்கிக் கைநீட்டுகிறார்கள் என்று நாடே திட்டியது. 20-ஆம் தேதி டிங்கெலின் கட்சிக்காரர்களே ஓட்டெடுத்து அவரைக் கமிட்டித் தலைமையிலிருந்து இறக்கினார்கள். ஜெயித்தவர் அதே வாக்ஸ்மன், 137-க்கு 122. புவி வெப்பமாவதைத் தடுக்கும் சட்டம் டிங்கெல் கையில் நகராது என்று நினைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் 2020-க்குள் கார்கள் ஒரு காலன் பெட்ரோலுக்கு 35 மைல் ஓட வேண்டும் என்ற விதிக்கு அவர் ஒத்துக்கொண்டிருந்தார், அது போதவில்லை.

ஒரே வாரத்தில் எங்கள் ஊரின் இரண்டு தூண்களும் ஆடின. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது பார்க்கிங்கில் நாலைந்து பேர் குளிரில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். "இனி நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்" என்றார் ஒருவர், 30 வருஷம் வேலை பார்த்தவர். அன்றைக்கு எனக்கு வாக்ஸ்மன்மேல் கோபம். இப்போது யோசித்தால், அவர்கள் செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது. பிப்ரவரி 8-ஆம் தேதி எழுதியதை எழுதியபிறகு வேறு மாதிரி சொல்ல முடியவில்லை.

இறக்கப்பட்ட பிறகும் அவர் விட்டுப் போகவில்லை. ராமுலஸில் நான் பார்த்தது தலைமை போய் எட்டு மாதம் கழித்து.

மார்ச் 15
முதல் கேள்விக்கு வருகிறேன். டெபி டிங்கெல் பற்றி.

கார் உலகத்தின் பழைய குடும்பம் அவருடையது, கார் உடல் கட்டிய ஃபிஷர் சகோதரர்களின் வழி. ஜெனரல் மோட்டார்ஸில் அதிகாரியாக இருந்தார். 1981-இல் கல்யாணம். கணவர் கார் கம்பெனிகளுக்குச் சட்டம் எழுதும் கமிட்டியில் தலைவர், மனைவி கார் கம்பெனியில். இது சரியில்லாத ஏற்பாடு என்று பலர் எழுதினார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 2014-இல் அவருக்கு ஓட்டுப் போட்டேனா? போட்டேன். பிரைமரியில் அவருக்கு எதிராக நின்றவரைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் போட்டேன். பெயர் பார்த்துக் கட்டத்தை நிரப்பினேன். கேள்வி கேட்டவர் சொல்லும் வாரிசு அரசியல் நடப்பது அந்த இடத்தில்தான், என் கையில் இருந்த பேனாவில்.

ஜான் டிங்கெல் 2019 பிப்ரவரி 7-ஆம் தேதி டியர்பார்ன் வீட்டில் இறந்தார், 92 வயது. அன்றைய நாளிலேயே மனைவியிடம் சொல்லி எழுதவைத்த ஒரு கட்டுரை மறுநாள் வெளிவந்தது. தனக்கு அதிகாரம் இருந்தது என்று சொல்கிறவர்களுக்கு அதில் அவர் பதில் சொல்லியிருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அதிகாரம் சொந்தமில்லை, தேர்ந்தெடுத்தவர்கள் நம்பிக் கொடுத்துவைத்த அடைக்கலப் பொருள் அது என்ற அர்த்தத்தில். படித்தபோது கண் கலங்கியது. இன்று அதே வரிகளைப் படித்தால் ஒரு கேள்வி வருகிறது: அடைக்கலமாகக் கொடுத்ததை மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வைத்திருந்தால், கொடுத்தவர்கள் திரும்பக் கேட்க மறந்துவிடுவார்களே?

மார்ச் 16
"மூன்று தலைமுறை" இல்லை. இரண்டுதான், மனைவி அதே தலைமுறை. மன்னிக்கவும்.

ஏப்ரல் 20
இந்த இழையை ஆரம்பித்ததிலிருந்து ஆற்றுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று இருந்தது. நேற்று ட்ரென்டன் போனேன்.

டெட்ராய்ட் ஆறு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்றால், 1948 குளிர்காலத்தில் எண்ணெய் மிதந்து ஆயிரக்கணக்கான வாத்துகள் செத்தன. வேட்டைக்காரர்கள் அந்தப் பிணங்களை லாரியில் ஏற்றி, மாநிலத் தலைநகர் லான்சிங்கில் சட்டசபைப் புல்வெளியில் கொட்டினார்கள். இதில் கலக்கும் ரூஜ் ஆறு 1969-இல் தீப்பிடித்தே எரிந்தது. டிங்கெலும் இந்தப் பக்கத்தில் வாத்து சுட்டு வளர்ந்தவர்தான். எந்தத் திட்டத்துக்கும் முன்னால் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிட வேண்டும் என்ற சட்டம், 1972-இல் நிக்ஸனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய தண்ணீர்ச் சட்டம், 1973-இல் அழியும் உயிரினங்களுக்கான சட்டம், எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைச் சபையில் எழுதிக் கொண்டுவந்தவரே அவர். கார்ப் புகைக்குக் கதவைப் பூட்டியவர் இதை எல்லாம் செய்தார். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு கணக்கு முடிக்க நான் மூன்று மாதமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

2001-இல் அவர் கொண்டுவந்த சட்டத்தால் இந்த ஆற்றங்கரை வனவிலங்குச் சரணாலயம் ஆனது, கனடாவோடு சேர்ந்து. ஹம்பக் சதுப்பு நிலம் அதில் ஒரு பகுதி. அமெரிக்கப் பக்கக் கரையில் கட்டிடம் எழும்பாத கடைசி ஒரு மைல். அதை ஒட்டி முன்பு கிரைஸ்லரின் பிரேக், பெயின்ட் ஆலை இருந்த மண்ணைச் சுத்தம் செய்து பார்வையாளர் மையம் கட்டி அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஆற்றுக்குள் நீளும் ஒரு பாலம். மீன் பிடிக்க விடுகிறார்கள்.

ஏப்ரல் என்பதால் வால்ஐ என்ற மீன் ஏறும் பருவம், பாலம் முழுக்கத் தூண்டில்கள். ஓரத்தில் ஒரு பெரியவர், பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கார் ஆலையில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டேன். "இந்த ஊரில் வேறு எங்கே பார்ப்பது" என்றார். டிங்கெலைத் தெரியுமா என்றேன். ஒரு தடவை ஏதோ ஓய்வூதியச் சிக்கலுக்கு அவர் அலுவலகத்துக்குப் போன் செய்ததாகவும், இரண்டு வாரத்தில் சரியானதாகவும் சொன்னார். சட்டம், கமிட்டி, சுத்தியல் எதுவும் அவர் பேச்சில் இல்லை.

சாப்பிடலாமா இந்த மீனை என்று கேட்டேன். மாதத்துக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில சுகாதாரத் துறை அட்டவணை போட்டிருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூண்டில் வளைந்தது. பொன்னிறமும் பச்சையும் கலந்த உடம்பு, கண் மட்டும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்து மின்னியது. வாளியில் ஒட்டியிருந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தார். நீளம் பத்தவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரிலேயே விட்டார்.